சைலன்சர் மாற்றினால் ட்யூனிங்கும் செய்தே ஆக வேண்டுமா?

புது சைலன்சரை மாட்டிய அன்றே இந்தக் கேள்வி வந்துவிடும். யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கும். "மேப் போடாம ஓட்டினா என்ஜின் போயிடும்" என்பார் ஒருவர். "இசியு தானாவே சரிபண்ணிக்கும், காசை வீணாக்காதே" என்பார் இன்னொருவர். (இசியு என்பது என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்யும் குட்டிக் கணினி, மேப் அதற்குள் இருக்கும் பெட்ரோல் அட்டவணை, ட்யூனிங் என்றால் அதைப் புது சைலன்சருக்குத் தக்கபடி திருத்துவது.) தங்கள் தங்கள் வண்டியைப் பொறுத்தவரை இரண்டு பேரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். முதல் ஆள் பெண்ட் பைப்பிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி மாற்றியிருப்பார். இரண்டாமவர் கடைசித் துண்டை மட்டும் மாற்றியிருப்பார்.

ஆக, மாற்றியது எந்தத் துண்டு என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஸ்லிப்-ஆன் என்றால் பின்னால் தெரிகிற சைலன்சர் டப்பா மட்டும் மாறுகிறது. ஃபுல் சிஸ்டம் என்றால் சிலிண்டர் ஹெட்டில் தொடங்கும் பெண்ட் பைப், நடுக்குழாய், சைலன்சர் எல்லாமே மாறுகிறது. இப்போதைய வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பெரும்பாலும் பெண்ட் பைப்பிலோ என்ஜினுக்கு அடியில் இருக்கும் பெட்டியிலோதான் இருக்கும். ஸ்லிப்-ஆன் போட்டால் அது அப்படியே இருந்துவிடும். புகை போகும் வழியில் பெரிய தடையே அதுதான் என்பதால், பின்னால் என்ன டப்பா மாட்டினாலும் காற்றோட்டம் பெரிதாக மாறுவதில்லை. சத்தம் மாறும், எடை குறையும், அவ்வளவுதான். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சைலன்சருக்குள்ளேயே இருக்கும் மாடல்களும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் ஸ்லிப்-ஆன் போட்டாலும் அது பாதி ஃபுல் சிஸ்டம் போட்ட கணக்கு. வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இசியு எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

இன்ஜெக்‌ஷன் வண்டியின் இசியு உள்ளே போகும் காற்றை நேராக அளப்பதில்லை. கார்களில் காற்றோட்டத்தை அளக்கத் தனி சென்சார் இருக்கும். பைக்குகளில் அநேகமாக அது கிடையாது. த்ரோட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றுகிறது, இன்டேக்கில் அழுத்தம் என்ன, காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்கும். பிறகு தொழிற்சாலையில் நிரப்பிய அட்டவணையைப் புரட்டி, இவ்வளவு காற்று வந்திருக்கும் என்று கணித்து அதற்குத் தக்க பெட்ரோலைப் பீய்ச்சும். அந்த அட்டவணைதான் மேப். அது தொழிற்சாலை சைலன்சரை வைத்து எழுதப்பட்டது. புகை எளிதாக வெளியேறினால் அதே ஆர்பிஎம்மில், அதே த்ரோட்டிலில், கொஞ்சம் கூடுதல் காற்று உள்ளே வரும். அட்டவணைக்கு அது தெரியாது.

இங்கேதான் ஆக்ஸிஜன் சென்சார் வருகிறது. பெண்ட் பைப்பில் திருகி வைத்திருக்கும் இந்தச் சின்ன சென்சார், எரிந்தபின் எவ்வளவு ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்கிறது என்று முகர்ந்து பார்க்கிறது. கலவை ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாக இருந்தால் 0.8, 0.9 வோல்ட் காட்டும். லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக இருந்தால் 0.1, 0.2 என்று இறங்கிவிடும். நடுவே 0.45 வோல்ட் அருகில் ஒரு செங்குத்தான தாவல். பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு எரிபொருள் என்ற விகிதம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. இசியு பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து சென்சாரை அந்தத் தாவலுக்கு இருபுறமும் ஆட்டிக்கொண்டே இருக்கும். இதற்கு குளோஸ்டு லூப் என்று பெயர். சீரான வேகத்தில், லேசான த்ரோட்டிலில் போகும்போது இது நடக்கும். இந்தப் பகுதியில் சைலன்சர் மாற்றத்தால் வந்த வித்தியாசத்தை, ஒரு எல்லைக்குள் இருக்கும்வரை, இசியு தானே ஈடுகட்டிவிடும். "தானாவே சரிபண்ணிக்கும்" என்று சொன்னவர் சொன்னதில் உண்மை இவ்வளவு.

ஆனால் த்ரோட்டிலை முறுக்கிப் பிடித்தால் கதை வேறு. அந்த நிலையில் என்ஜினுக்கு 14.7 ஆகாது, அதிக பவருக்கு 12.5 முதல் 13.2 வரை ரிச்சான கலவை வேண்டும். இந்தச் சாதாரண சென்சாருக்கோ 14.7-க்கு மேலா கீழா என்பது மட்டும்தான் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. அதனால் இசியு சென்சாரைக் கண்டுகொள்ளாமல் அட்டவணையை மட்டும் நம்பி ஓடும். இது ஓபன் லூப். சில வண்டிகளில் குளோஸ்டு லூப்பில் கற்ற திருத்தத்தை ஓபன் லூப்புக்கும் கொஞ்சம் எடுத்துப்போவார்கள், பலவற்றில் அது இல்லை. "தானாவே" என்ற பேச்சு இந்த எல்லையோடு முடிந்துவிடுகிறது.

ஸ்லிப்-ஆனுக்கு வேண்டாம் என்பதற்குக் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். முழு த்ரோட்டிலில் தொழிற்சாலை மேப் 12.5 விகிதத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பல வண்டிகளில் பாதுகாப்புக்காக இந்த இடத்தைக் கொஞ்சம் ரிச்சாகவே விட்டிருப்பார்கள். ஸ்லிப்-ஆனால் 3 சதவீதம் கூடுதல் காற்று வந்தால் விகிதம் 12.9 ஆகும். இன்னும் நல்ல பவர் தரும் எல்லைக்குள்தான் இருக்கிறோம். இதற்காக என்ஜின் உருகாது. சொல்லப்போனால், கொஞ்சம் அதிகமாகவே ரிச்சாக இருந்த மேப் என்றால் வண்டி முன்பைவிடச் சுறுசுறுப்பாகக்கூட ஓடலாம்.

அதனால் என் பதில்: ஏர் ஃபில்டரும் அதை வைத்திருக்கும் ஏர்பாக்ஸும் கம்பெனி நிலையில் இருக்கின்றன, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இடத்தில் இருக்கிறது, ஆக்ஸிஜன் சென்சார் வேலை செய்கிறது, ஸ்லிப்-ஆன் மட்டும் மாறியிருக்கிறது என்றால் ட்யூனிங்குக்குப் பணம் போட வேண்டியதில்லை. சைலன்சர் வாயில் சத்தத்தைக் குறைக்கச் செருகியிருக்கும் டிபி கில்லரைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் பெரும்பாலும் இதே பதில்தான். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கொஞ்சம் குறைந்தது போலத் தெரியும், காது பாவம்.

விதிவிலக்குகள் உண்டு. ஆக்ஸிஜன் சென்சாரே இல்லாத பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் யாரும் எதையும் ஈடுகட்டப் போவதில்லை. பெரிய ஒற்றைச் சிலிண்டர், பெரிய வி-ட்வின் வண்டிகளில் ஒவ்வொரு வெடிப்பின் அழுத்த அலையும் பலமாக இருப்பதால், சைலன்சர் மாற்றத்தை அவை கூடுதலாக உணரும். அப்புறம், சைலன்சரோடு சேர்த்து ஏர்பாக்ஸ் மூடியில் ஓட்டை போட்டவர்கள், அதிகக் காற்று விடும் ஃபில்டர் மாட்டியவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது. பல வண்டிகளில் ஸ்லிப்-ஆனைவிட ஏர்பாக்ஸில் கை வைப்பதுதான் கலவையை அதிகம் கலைக்கும்.

வெடிச்சத்தம் கேட்டு மேப் போட ஓடுகிறவர்கள்

ஸ்லிப்-ஆன் போட்டவர்களில் பலர் ட்யூனிங்கைத் தேடிப் போவதற்குக் காரணம் பவர் குறைவு இல்லை. த்ரோட்டிலை விட்டதும் பின்னால் "டப் டப்" என்று வெடிக்கிறது, அதுதான். உடனே "லீனா ஓடுது" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம்.

த்ரோட்டிலை மூடியதும் சிலிண்டரில் சரியாக எரியாத பெட்ரோல் கொஞ்சம் வெளியே வரும். சூடான குழாயில் அதற்குப் புதுக்காற்று கிடைத்தால் அங்கேயே வெடிக்கும். கேள்வி, அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பது. பல வண்டிகளில் கம்பெனியே ஒரு வால்வு வைத்து எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் காற்று விடும். மிச்சப் பெட்ரோல் எரிந்து புகை சுத்தமாகட்டும் என்பதற்காக. கம்பெனி சைலன்சரில் அந்தச் சத்தம் அமுங்கிப் போயிருந்தது, புது சைலன்சரில் வெளியே கேட்கிறது. ட்யூனிங்கில் இதற்கு ஒன்றுமில்லை.

இன்னொரு வழி, ஜாயின்ட் கசிவு. இதை நான் முக்கியமாகச் சொல்வேன், ஏனென்றால் இது ஏமாற்றும். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள், அல்லது கிளாம்ப் ஒரு பக்கமாக இறுகியிருக்கும். புகை அலை அலையாகப் போகும்போது, அலைக்கு நடுவே குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். அந்தக் கணத்தில் அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். கசிவு ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் இன்னும் மோசம். சென்சார் அந்தக் காற்றை முகர்ந்துவிட்டு "லீன்" என்று சொல்லும். இசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். வண்டி உண்மையில் ரிச்சாக ஓடும், மைலேஜ் விழும், வெடிச்சத்தமும் இருக்கும். இந்த நிலையில் யாராவது மேப் போட்டு மேலும் பெட்ரோல் கூட்டினால் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடிப்பது எளிது. என்ஜின் ஆறியிருக்கும்போது ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஒரு தடித்த துணியால் கணநேரம் பாதி அடைத்துப் பார்க்க வேண்டும். கசியும் இடத்தில் குமிழி வரும். குழாய் சூடேறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஜாயின்ட் ஓரத்தில் கரும்புகைக் கோடு படிந்திருந்தால் சோப்புத் தண்ணீர்கூட வேண்டாம். புது கேஸ்கெட் போட்டு, கிளாம்ப்பை முதலில் தளர்வாக மாட்டி, எல்லா பிராக்கெட்டும் இயல்பாக உட்கார்ந்தபின் முறுக்கினாலே பாதிப் பேருக்கு "ட்யூனிங் பிரச்சினை" தீர்ந்துவிடும்.

உண்மையிலேயே லீனாக ஓடும் வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும். சீரான வேகத்தில் த்ரோட்டிலை அசைக்காமல் பிடித்திருக்கும்போதே முன்னும் பின்னும் இழுக்கும். த்ரோட்டிலைத் திறந்ததும் ஒரு கணம் திணறிவிட்டுப் பிறகு எடுக்கும். குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஆர்பிஎம் கீழே இறங்காமல் தொங்கும். இவை இருந்தால் மேப் பற்றி யோசிக்கலாம்.

ஃபுல் சிஸ்டம் என்றால் வாதமே வேண்டாம்

கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் போய், பெண்ட் பைப்பின் நீளமும் விட்டமும் மாறும்போது காற்றோட்டம் எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே அளவு கூடுவதில்லை. குழாய்க்குள் ஓடும் அழுத்த அலைகள் எக்ஸாஸ்ட் வால்வுக்குத் திரும்பி வரும் நேரமே மாறிவிடுகிறது. ஒரு ஆர்பிஎம்மில் புதுக்காற்றை இழுத்துக் கொடுக்கும் அலை, இன்னொரு ஆர்பிஎம்மில் புகையையே திரும்ப உள்ளே தள்ளும். அதனால் 5,000 ஆர்பிஎம்மில் ரிச், 7,000-ல் லீன் என்று மேடு பள்ளமாகப் போகும். இதை இசியுவின் தானியங்கித் திருத்தம் சமாளிக்காது. ஃபுல் சிஸ்டத்துக்கு மேப் வேண்டும். அந்தச் செலவைச் சைலன்சர் விலையின் ஒரு பகுதியாகவே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. முடியாது என்றால் ஸ்லிப்-ஆனோடு நின்றுவிடலாம்.

மேப்பால் முடியாத ஒன்றும் இருக்கிறது. குழாயின் அளவால் ஒரு ஆர்பிஎம்மில் இழுவை குழிவிழுந்திருந்தால், பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து அதை நிரப்ப முடியாது. காற்றே வராத இடத்தில் பெட்ரோல் ஊற்றி என்ன பயன்? "ட்யூன் செய்தும் நடுவில் இழுக்கலை" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும்.

சில்லறை வேலைகளும் சேரும். புது பெண்ட் பைப்பில் ஆக்ஸிஜன் சென்சார் திருகும் துளை இருக்கிறதா, கம்பெனி சென்சாரின் மரைக்கு அது பொருந்துமா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் எக்ஸாஸ்ட்டுக்குள் மோட்டார் வைத்து இயக்கும் வால்வு இருக்கும், யமஹாவின் எக்ஸ்அப் மாதிரி. அதைக் கழற்றினால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது சென்சார் வைத்திருக்கும் புதிய மாடல்களும் அப்படித்தான்.

எந்த வழியில் ட்யூன் செய்வது

மிக மலிவான வழி, ஆக்ஸிஜன் சென்சாரை ஏமாற்றும் குட்டி டப்பா. சென்சார் வயருக்கு நடுவே மாட்டினால் சிக்னலைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டி, லேசான த்ரோட்டிலில் 14.7-க்குப் பதில் 14 பக்கம் ஓட வைக்கும். கீழ் வேகத்தில் இழுத்து இழுத்துப் போவது குறையும். ஆனால் முழு த்ரோட்டில் பகுதியைத் தொடவே தொடாது. அதாவது, இசியு தானே பார்த்துக்கொள்ளும் பகுதியைத்தான் இது மாற்றுகிறது. யாரும் பார்க்காத பகுதி அப்படியே இருக்கிறது. ஃபுல் சிஸ்டத்துக்கு இதைத் தீர்வு என்று விற்றால் வாங்காதீர்கள். சென்சாரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் மாட்டும் வெறும் ரெசிஸ்டர் பிளக் இன்னும் ஒரு படி கீழே. எச்சரிக்கை விளக்கை அணைப்பதோடு அதன் வேலை முடிந்தது.

அடுத்தது பிக்கிபேக். டைனோஜெட்டின் பவர் கமாண்டர் இந்த வகையில் பழைய பெயர். இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே உட்கார்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைச் சதவீதக் கணக்கில் கூட்டும் குறைக்கும். கம்பெனி மேப் கலையாது, கழற்றினால் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும், விற்கும்போது தனியே எடுத்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், லேசான த்ரோட்டிலில் இது பெட்ரோலைக் கூட்ட, ஆக்ஸிஜன் சென்சார் "ரிச்" என்று புகார் சொல்ல, இசியு அதைக் குறைத்துவிடும். ஒரே கணக்கில் இரண்டு பேர் எழுதுகிறார்கள். அதனால் பிக்கிபேக் போடும்போது சென்சாரை என்ன செய்வது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். பற்றவைக்கும் நேரத்தையும் பெரும்பாலானவை தொடாது.

இசியு ஃப்ளாஷ் என்றால் அட்டவணையையே திருத்தி எழுதுவது. எரிபொருள், பற்றவைக்கும் நேரம், எக்ஸாஸ்ட் வால்வு விளக்கு, த்ரோட்டிலை விட்டதும் பெட்ரோலை நிறுத்தும் விதம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மாற்றலாம். கேபிள் இல்லாத மின்னணு த்ரோட்டில் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. நீங்கள் முழுக்க முறுக்கினாலும், சத்த, புகைச் சோதனைகளை மனதில் வைத்து, சில கியர்களில் சில ஆர்பிஎம்களில் கம்பெனி த்ரோட்டில் தட்டை முழுக்கத் திறக்க விடாது. ஃப்ளாஷ் அதைத் திறந்துவிடும். "சைலன்சர் போட்டு ரீமேப் பண்ணதும் வண்டி பறக்குது" என்று சொல்பவர்கள் உணர்வதில் பெரும்பங்கு இதுதான், சைலன்சர் இல்லை.

இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், உங்கள் இசியுவைத் திறந்து எழுத முடிகிறது என்றால் ஃப்ளாஷ். கூடுதல் டப்பா, கூடுதல் வயர், கூடுதல் கனெக்டர் எதுவும் இல்லை என்பதே மழையில் ஓடும் வண்டிக்குப் பெரிய நிம்மதி. இசியு பூட்டப்பட்டிருந்தால், வாரன்டி முடியவில்லை என்றால், அடுத்த வருடம் வண்டியை விற்கப்போகிறீர்கள் என்றால் பிக்கிபேக் பொருந்தும். ஃப்ளாஷ் செய்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சர்வீஸில் கம்பெனி மென்பொருளைப் புதுப்பித்தால் உங்கள் மேப் அழிந்துபோகும், யாரும் சொல்லக்கூட மாட்டார்கள்.

எந்த வழியானாலும் மேப் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். இதே மாடல், இதே சைலன்சர், இதே ஃபில்டர் என்று சொல்லி இறக்கித் தரும் பொது மேப் பெரும்பாலும் ஓரளவு நெருங்கிவரும், அச்சாகப் பொருந்தாது. டைனோவில் (வண்டியை உருளைமேல் ஓடவிட்டு அளக்கும் இயந்திரம்) ஏற்றிச் செய்யும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: பிரேக் உள்ள டைனோவா, வெறும் உருளை மட்டும் சுழலும் டைனோவா? பிரேக் இருந்தால்தான் 4,000 ஆர்பிஎம்மில், 20 சதவீத த்ரோட்டிலில் வண்டியைப் பிடித்து நிறுத்தி அந்தக் கட்டத்தைச் சரிசெய்ய முடியும். வெறும் உருளையில் முழு த்ரோட்டில் ஓட்டத்தைத்தான் நன்றாகப் பார்க்கலாம். தினம் ஓட்டும் வண்டி முழு த்ரோட்டிலில் எத்தனை நேரம் இருக்கப்போகிறது? கலவை விகிதத்தை எண்ணாகவே அளக்கும் வைட்பேண்ட் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் பொருத்தப்பட வேண்டும். சைலன்சர் வாயில் செருகி எடுத்தால், குட்டையான சைலன்சரில் கீழ் ஆர்பிஎம்மில் வெளிக்காற்றும் கலந்து, இல்லாத லீனைக் காட்டும்.

முடிவெடுக்கவே தெரியவில்லை என்றால், மேப்புக்குப் பணம் கொடுக்கும் முன் வைட்பேண்ட் வைத்து ஒரு அளவு மட்டும் எடுத்துப் பாருங்கள். எண்கள் கையில் இருந்தால் யாரோடும் வாதாட வேண்டாம்.

கார்புரேட்டர் வண்டிகள்

இங்கே தானாகச் சரிசெய்ய யாரும் இல்லை. ஆனால் செலவும் குறைவு. பைலட் ஸ்க்ரூ, நீடில், மெயின் ஜெட் மூன்றும் கார்புரேட்டரில் கலவையைத் தீர்மானிக்கும் பாகங்கள். ஸ்லிப்-ஆனுக்குப் பெரும்பாலும் பைலட் ஸ்க்ரூவை அரைச் சுற்று, தேவைப்பட்டால் நீடிலை ஒரு படி உயர்த்துவது போதும். ஃபுல் சிஸ்டத்துக்கு மெயின் ஜெட் ஒரு படி பெரிது, மிஞ்சினால் இரண்டு. கால்வாசி த்ரோட்டில்வரை பைலட், நடுப்பகுதி நீடில், முக்காலுக்கு மேல் மெயின் ஜெட் என்பதை நினைவில் வைத்தால், திணறல் எங்கே வருகிறதோ அங்கே மட்டும் கை வைக்கலாம். நீடிலில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயரும், கலவை ரிச்சாகும். பைலட் ஸ்க்ரூவில் ஒரு பொறி இருக்கிறது: அது என்ஜின் பக்கம் இருந்தால் எரிபொருள் ஸ்க்ரூ, வெளியே திருகினால் ரிச், ஏர்பாக்ஸ் பக்கம் இருந்தால் காற்று ஸ்க்ரூ, உள்ளே திருகினால்தான் ரிச். இதைப் பார்க்காமல் திருகினால் எதிர்த் திசையில் போய்விடுவீர்கள்.

டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு எக்ஸாஸ்ட் மாற்றினால் ஜெட் மாற்றாமல் வேகமாக ஓட்டவே கூடாது. அதில் வயிறு பெருத்த அந்தக் குழாய் என்ஜினின் ஒரு பாகம் மாதிரி. சிலிண்டரில் எவ்வளவு கலவை தங்க வேண்டும் என்பதை அதன் அலைகள்தான் தீர்மானிக்கின்றன. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றும் வண்டியில் லீன் என்றால் ஆயிலும் குறைகிறது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், ஓட்டைகூட விழும். "என்ஜின் போயிடும்" என்ற பயம் உண்மையாகவே பொருந்துவது இந்த வகைக்குத்தான்.

கடைசியாக, மேப் போட்டவர்கள் கம்பெனி மேப்பின் நகலையும் கம்பெனி சைலன்சரையும் சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள். புகைச் சோதனைக்கோ விற்பனைக்கோ பழைய எக்ஸாஸ்ட்டைத் திரும்ப மாட்டும்போது மேப்பையும் திரும்பப் போட வேண்டும். போடாவிட்டால் புது மேப் கொட்டும் கூடுதல் பெட்ரோல் கம்பெனி கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அது அளவுக்கு மீறிச் சூடேறிப் பாழாகும். அதன் விலையோ பல நேரம் நீங்கள் வாங்கிய ஸ்லிப்-ஆனைவிட அதிகம்.